எட்டுத் திருகாணிகள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் ஐயா, ஒரு தாளை நான்காக மடித்துச் செருகினால் போதும். இதோ, ஆட்டம் நின்றுவிட்டது.

பல் டாக்டரின் மனைவி படியிலிருந்து விழுந்து இறந்தது பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த வீட்டை வரைந்தவன் நான். கைப்பிடி செய்த என் தச்சரை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மகள் வாக்குமூலத்தின் நகலோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். "தப்பெல்லாம் தன்மேலதான்னு அப்பாவே எழுதிக் குடுத்துட்டாரு சார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள். படித்தேன். அதில் ஒரு வரி பொய். எனக்கு அசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மனையை யாரும் வாங்காமல் கிடந்ததற்குக் காரணம் நடுவில் இருந்த பாறை. வெடி வைத்துத் தகர்த்துவிடலாம் என்றார் டாக்டர். நான்தான் தடுத்தேன். பாறையைச் சுற்றி வீட்டை வளைத்தேன். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அந்தப் பாறைதான். அதை ஒட்டிப் பதினான்கு படிகள் இறங்கும். மறுபக்கம் திறந்த வெளி. கூரையில் ஒரு பிளவு விட்டேன். காலையில் வெயில் அதன் வழியே வந்து பாறைமேல் மெல்ல இறங்கும். வீட்டில் ஒரு நேர்ச்சுவர் கிடையாது. பீரோ வாங்கியவர்கள் அதை வைக்க இடமில்லாமல் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். என் தச்சருக்கு மட்டக்கோல் என்று பட்டப்பெயர், அத்தனை நேரான மனிதர். கோணலே கோலமான அந்த வீட்டில் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது.

குடிபோகும் அன்று ஒரே ஒரு விதி சொன்னேன்: பாறையில் ஆணி அடிக்கக் கூடாது. டாக்டர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர், விதியின் அருமை தெரிந்தவர். காலண்டரைக்கூடச் சமையலறைக் கதவில்தான் மாட்டினார். ஒவ்வோர் ஆண்டும் நான் வீட்டைப் பார்க்கப் போவேன். "தம்பி, உங்க பாறை சௌக்கியம். நீங்க எப்படி?" என்பார். அந்த வீட்டைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அவர்மேல் எனக்கு உண்மையான பிரியம் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்தது. படி ஏறும்போது டாக்டர் தாங்கிப் பிடிப்பார். அவர் கிளினிக்குக் கிளம்பியபின் டீச்சர் தனியாகத்தான் இறங்க வேண்டும். இறங்கும்போது வலக்கைப் பக்கம் இருப்பது பாறை. அதில் ஒரு கைப்பிடி வேண்டும் என்று டாக்டர் வந்து நின்றார். "சுவர் இருந்தாத்தானே சார் சித்திரம்? மொதல்ல இவ உடம்பு" என்றார். நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை.

மட்டக்கோல் துளை போடும் எந்திரத்தோடு வந்தார். திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். "அப்ப படியிலயாச்சும் கம்பி ஊனலாம் சார்" என்றார். கம்பி ஊன்றினால் அதன் நிழல் பாறைமேல் வரிவரியாக விழும். சிறைக்கூடம் மாதிரி இருக்கும். பாறையின் வளைவுக்கு ஏற்ப எட்டு மரக்கட்டைகளைச் செதுக்கச் சொல்லி, கல் ஒட்டும் பசையால் ஒட்டி, அதன்மேல் கைப்பிடியைப் பொருத்த வைத்தேன்.

"சார், மழைக்கு இந்தப் பாறை கசியும். பசை நிக்காது. முழு பாரம் விழுந்தா கையோட வந்துரும்."

"யாரும் முழு பாரமும் போட மாட்டாங்கப்பா. பயப்படறவங்களுக்குக் கண்ணுல ஒரு பிடி தெரிஞ்சா போதும்."

இருபத்திரண்டு வருடம் என்னோடு இருந்தவர். உளியை எடுத்துக் கட்டை செதுக்க உட்கார்ந்தார். பாறைக்குள் முடுக்கியதுபோல் கண்ணுக்குத் தெரிவதற்காக எட்டுப் பித்தளைத் திருகாணிகளின் தலையை மட்டும் அறுத்து ஒவ்வொரு கட்டையிலும் ஒட்டினோம். டாக்டர் அன்று மாலை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இது போதும் சார், இனி கவலையில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் டீச்சர் போன் செய்தார். கைப்பிடி லேசாக ஆடுகிறதாம். போய்ப் பார்த்தேன். மேலிருந்து மூன்று கட்டைகளில் பசை வெளுத்து, ஓரத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. பாறை ஈரமாக இருந்தது. இடுக்கில் புதுப் பசையைத் தேய்த்து அழுத்திவிட்டு, ஆட்டிக் காட்டினேன். ஆடவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. தைரியமா பிடிச்சு இறங்குங்க."

"நீங்க சொன்னா சரி தம்பி. இது நடுங்குனா என் நெஞ்சும் நடுங்குது, அதான் கூப்பிட்டேன்" என்றார். டீ போட்டுக் கொடுத்தார், ஒற்றைக் கையாலேயே. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பதினோராம் நாள் விழுந்தார். மூன்று கட்டைகளும் கைப்பிடியோடு அவர் கையிலேயே வந்துவிட்டன. வேலைக்கார அம்மா ஓடி வந்தபோதும் அவர் அதை விடாமல் பிடித்திருந்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

கைப்பிடி ஆளைத் தாங்காது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், தெரிந்துதான் அவரைப் பிடித்து இறங்கச் சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மட்டக்கோலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சொன்னதைச் செய்தவர், அவ்வளவுதான்.

ஆனால் அவர் எழுதிக் கொடுத்த அந்த வரியை நீங்கள் அடித்துவிட வேண்டும். 'பாறையில் எட்டுத் துளை போட்டேன், ஆழம் போதவில்லை.' என்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லியிருக்கிறார், பாவம். அரசாங்கக் காகிதத்தில் அது அப்படியே நிற்க நான் எப்படி விடுவேன்? அந்தப் பாறையில் இன்றுவரை ஒரு துளைகூட இல்லை ஐயா. நீங்கள் இன்னும் மேலே ஏறிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

ஒருமுறை போய்த் தடவிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போங்கள். வெயில் அப்போதுதான் பாறைமேல் இறங்கும். டீச்சரும் தினமும் அதைப் பார்க்கத்தான் அந்த நேரத்துக்கு இறங்கி வருவார்.