ஈரம் பட்டால் எரியும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்... அப்புறம் ஒன்றுக்குப் போகத் துணைக்கு என்னைக் கூப்பிடக் கூடாது.

எண்பத்து மூன்று. மழையே இல்லாத வருஷம். நடுச்சாமம். எருமப்பட்டியிலிருந்து தோட்டங்காட்டுக்குள் போகும் வண்டித்தடம். என் நண்பன் நாச்சிமுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறான். எதிரே... தடதடவென்று காலடிச் சத்தம். தோளில் கயிறு, கையில் டார்ச், காலில் செருப்பில்லை. கிணற்றைப் பார்த்து ஓடி வருவது அவன் மச்சான் அப்புசாமி. அவர் சம்சாரம், நாச்சிமுத்துவின் அக்கா சென்னியம்மாள், செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"லைட்டு எரியுது மாப்பிள்ளை... அவ கூப்புடறா."

அது என்ன லைட்டு என்று சொல்லிவிடுகிறேன். கிணற்றில் ராத்திரிதான் கொஞ்சம் ஊற்றுத் தண்ணீர் சுரக்கும். கரண்டும் ராத்திரிதான் வரும். அதற்காக அப்புசாமி இரண்டு கம்பிகளின் முனையைச் சுரண்டிக் கிணற்றுக்குள் அடிவரைக்கும் தொங்கவிட்டார். மறுமுனை வாசலில், அவர் கட்டில் தலைமாட்டில், ஒரு சோப்பு டப்பாவுக்குள். இரண்டு டிரான்சிஸ்டர், மூன்று டார்ச் பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி. முனைகளைத் தண்ணீர் தொட்டால் விளக்கு எரியும், போய் மோட்டார் போடலாம். ஈரக்கை பட்டாலும் எரியும். கம்பியைக் கிணற்றில் இறக்குவதற்கு முன்னால் சென்னியம்மாளைத்தான் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தாள், எரிந்தது. விட்டாள், அணைந்தது. சின்னப்பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பப் பிடித்துச் சிரித்தாளாம்.

ஒரு ராத்திரி விளக்கு எரிந்தது. ஓடினார். தண்ணீர் கம்பி வரைக்கும் ஏறவில்லை, கம்பிமேல் ஒரு தவளை. திரும்பி வந்து படுத்தால் மறுபடி எரிந்தது. மறுபடி தவளை. விடியப் போகிற நேரத்தில் இன்னொரு தடவை... எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. ஆத்திரத்தில் ஒரு பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

வீட்டுக்குள் படுத்திருந்தவள் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் மொள்ளக் கிணற்றில் இறங்கியது அவருக்குத் தெரியாது. படி சறுக்கி விழுந்திருக்கிறாள். கத்தினாலும் வீட்டுக்குக் கேட்காத தூரம். காலையில் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. இரண்டு கம்பியும் அவள் விரலிடுக்கில்.

கருமாதி முடிந்ததும் அப்புசாமி பேட்டரியைத் திரும்பப் போட்டார். அன்றிலிருந்து தினமும் எரிகிறது. தினமும் ஓடுகிறார். கிணறு காய்ந்து கிடக்கிறது, தவளைகூட இல்லை. சோறு இறங்குவதில்லை. இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. இப்படியே ஓடினால் ஒருநாள் மனுஷனும் அதே கிணற்றில்தான் என்று நாச்சிமுத்து நினைத்தான்.

அந்த ராத்திரி அவர் பின்னாலேயே கிணற்றுக்குப் போய், அப்போதே கம்பியை மேலே இழுத்தான். அப்புசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் புடுங்கீட்டா... அவ என்னைய எப்படி மாப்பிள்ளை கூப்புடுவா?"

 ஆனாலும் நாச்சிமுத்து விடவில்லை. கம்பி முழுவதையும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். முனைகளில் காய்ந்த மண்தான். துடைத்து, ஒன்றோடொன்று படாமல் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டான். மறுமுனை மாட்டியிருந்த டப்பாவை மட்டும் அப்புசாமி தரவில்லை, நெஞ்சோடு வைத்துப் படுத்துவிட்டார். நாச்சிமுத்து கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்தான்.

கோழி கூவ இன்னும் நேரமிருந்தது. முதலில் வாசனை... கிணற்றுச் சேறும் மஞ்சளும் கலந்த வாசனை. நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். அப்புசாமியின் நெஞ்சில் சிவப்பாக வெளிச்சம். விட்டுவிட்டு எரியவில்லை. ஒரே சீராக எரிந்தது.

அப்புசாமி இந்தத் தடவை ஓடவில்லை. கால்மாட்டையே பார்த்தார். பிறகு மெல்லக் கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார்.

"வா சாமி" என்றார்.

காலியான பக்கம் கட்டில் கயிறு கிரீச்சென்று தாழ்ந்தது. கீழே கிடந்த நாச்சிமுத்துவின் கன்னத்தில் சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.