காட்டுமாடு எங்கிருந்தாலும்

— அந்தப் பச்சை வெளக்கையே மொறச்சுக்கிட்டு இருந்தா நெட்டு வந்துருமாண்ணே? தள்ளு, ஒருக்கா கழட்டி மாட்டிப் பாக்குறேன்.

— ஏ பிள்ள ஜோதி, கைய எடு. மோடம் பொட்டியில குத்தமில்ல. பெருமாள்மலைக்குக் கீழ மரம் விழுந்து கேபிள் அந்துபோச்சு. லைன்மேன் அண்ணன்கிட்ட இப்பத்தான் பேசுனேன். மரத்த அறுத்துக்கிட்டு இருக்காங்களாம். அத நகத்துனாத்தான் ஒட்டுப்போட முடியும்.

— வெரசா நகத்தச் சொல்ல வேண்டியதுதான? ஃபைனல் ஆரம்பிக்கப் போகுது.

— என்னைய விட ஒனக்குத்தான் பதட்டமா இருக்கு போல. வேலைக்குப் போறது நானா நீயா? போட்டி நடத்துற சேனாதிபதி சார் மத்தியானம் கூட சென்னையில இருந்து கூப்பிட்டாரு. 'பிரதீப், இன்னைக்கு மட்டும் நல்லபடியா பேசிட்டீங்கன்னா இனிமே எங்க போட்டி எல்லாத்துக்கும் நீங்கதான் வர்ணனை'ங்குறாரு. நிரந்தர வேலை. பழனியில அப்பாவோட மைக்செட்டுல தொண்ட கிழியக் கத்திக்கிட்டுக் கெடந்தவனுக்கு இது சாதாரணமா?

— தெரியும்ண்ணே. தைப்பூசக் கூட்டத்துல நீ கத்துனது இன்னும் காதுலயே நிக்குது. 'தாராபுரம் நல்லுசாமி எங்கிருந்தாலும் உடனடியாக மைக் அருகே வரவும், உங்கள் மனைவி காத்திருக்கிறார்.' இப்ப வீடியோ கேம்லயும் அதையேதான் சொல்ற.

— அதுதான் பிள்ள சோறு போடுது. என் சேனல்ல எத்தன ஃபோனுக்கு ரிவ்யூ போட்டேன், சார்ஜரப் பிரிச்சு உள்ள காயில் எப்பிடிச் சுத்தியிருக்குன்னு காட்டுனேன். எவன் பாத்தான்? ஆட்டத்துல காட்டுமாடுன்னு பேர் வச்சிருந்த ஒரு ஆளு ஒளிஞ்சு நிக்கிறப்ப 'காட்டுமாடு எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்'னேன். அன்னைக்கு வந்த கூட்டம் இன்னும் போகல.

— அப்ப அந்தக் காட்டுமாட்டுக்குத்தான் நீ மாலை போடணும்.

— போடுவேன், ஆளு யாருன்னு தெரிஞ்சா. பேசுனதில்ல, முகம் காட்டுனதில்ல. ஜெயிச்சாத்தான் மேடையேத்திக் காட்டுவாங்களாம். அதோட சென்னை டீம்ல எடம். வால்பாறைப் பக்கத்துப் பையனா இருப்பான்னு நெனைக்கிறேன்.

— ஏன், நம்ம ஊருல காட்டுமாடு இல்லையா? நேத்து கூட அட்டுவம்பட்டி பஸ் ஸ்டாப்புல ஒண்ணு நின்னுச்சு.

— நம்ம ஊருக்காரனா இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? இன்னொரு கூத்து கேளு. நம்ம வீட்டுல கரண்ட் போற அன்னைக்கெல்லாம் அவனும் ஆட வரமாட்டான். எனக்கு நல்ல நேரம், அவன் ஆட்டம் ஒண்ணக்கூட நான் தவறவிட்டதில்ல.

— நல்ல நேரந்தான். சரி, ஒன் செல்லுல நெட்டு வருதுல்ல?

— இந்தச் சன்னல் மூலையில வச்சா சிக்னல் ஒரு கோடு வருது. ஒன் சிம்முக்கு இந்த வீட்டுக்குள்ள அதுவும் கெடையாது. இதை வச்சுத்தான் இன்னைக்கு ஓட்டணும்.

— அந்த ஒரு கோடு ரெண்டு பேருக்குப் பத்துமா?

— ரெண்டு பேருக்கா? ஒனக்கு எதுக்கு இப்ப?

— ரிசார்ட் புக்கிங் இருக்குண்ணே. சீசன்ல.

— ஒரு நாளைக்கு டூரிஸ்ட்டு காத்துக் கெடக்கட்டும். அதென்ன புக்கிங்கோ, மாடியில மௌஸப் போட்டு அந்த அடி அடிக்கிற. ரூம் போடுறியா, ஆணி அடிக்கிறியா?

— பேச்ச மாத்தாத. ஒரே ஒரு கோடுதான் இருக்குன்னு வச்சுக்க. ஆட்டத்தப் பத்திப் பேசுறவனுக்கு அது முக்கியமா, ஆடுறவனுக்கு முக்கியமா?

— நல்ல கேள்வி. எளிமையா சொல்றேன், கேளு. ஆடுறவன் எங்க நிக்கிறான், எங்க பாக்குறான், சுட்டானா இல்லையா, இவ்வளவுதான் லைன்ல போகும். துண்டுச் சீட்டு மாதிரி ரொம்பச் சின்னது. ஆனா கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள போய்ச் சேரணும். கொஞ்சம் பிந்துனாலும் அவன் செத்தான். நான் அனுப்புறது படமும் குரலும், பூம்பாறையில இருந்து பூண்டு மூட்டை ஏத்துன லாரி மாதிரி. மெதுவா வந்தாலும் எவனுக்கும் தெரியாது. எப்பிடியும் ஒளிபரப்ப வேணும்னே கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுத்தான் விடுவாங்க.

— வேணும்னே எதுக்குப் பிடிச்சு வைக்கணும்?

— ரெண்டு பேரும் எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு ஆட்டத்துக்குள்ள ஓடுற கேமராவுல நான் மேல இருந்து பாக்குறேன்ல. அத அப்பிடியே விட்டா, ஆடுறவன் பக்கத்துல ஒரு செல்ல வச்சுப் பாத்தே எதிராளியக் கண்டுபிடிச்சிருவான். அதனாலதான் இன்னொரு விதியும் வச்சிருக்காங்க. சொந்தக்காரங்க ஆடுனா, வர்ணனைக்காரன் வெலகிக்கணும். என்கிட்டயும் மொதல்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க. எனக்கென்ன, நம்ம குடும்பத்துல யாரு ஆடப்போறா?

— யாரும் ஆடல. ஆட வேணாம்னு நீதான சொன்ன.

— ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஜோதிமணின்னு பேர் போட்டு ஒரு தடவ ஆடுன. சாட்ல என்னென்ன எழுதுனானுங்க? நான் அழிக்க அழிக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

— எழுதுனவனுங்க இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. எந்திரிச்சுப் போனது நான்தான்.

— பழச விடு. ஏன் இப்பிடிக் குறுக்கயும் நெடுக்கயும் நடக்குற? ஒக்காரு.

— நீ ஒக்காரு மொதல்ல. மரம் நகந்துச்சான்னு கேளு.

— கேட்டாச்சு, இன்னும் இல்ல. வேற வழியில்ல, செல்லுலதான் பேசப்போறேன். அதுக்கு முன்னாடி ஒருக்கா சொல்லிப் பாக்குறேன், சரியா வருதான்னு கேளு. 'வணக்கம் மக்களே, காட்டுமாடு எப்படி ஆடும்? ஓடாது, தொரத்தாது. மூடுபனியில நிக்கிற மாதிரி அசையாம நிக்கும். நீங்களாப் பக்கத்துல போயி மாட்டிக்குவீங்க.'

— அது சரி. நம்மூரு காட்டுமாடும் அப்பிடித்தான நிக்கும்.

— 'ஆனா அரையிறுதியில ஒரே ஒரு தப்பு பண்ணிருச்சு. நல்லா ஒளிஞ்சிருந்த சன்னல விட்டுட்டு, காரணமே இல்லாம வெட்டவெளியில எறங்கி ஓடிருச்சு. தப்பிச்சது அதிர்ஷ்டம்.'

— அதிர்ஷ்டமெல்லாம் இல்ல. செவுத்துக்கு அந்தப் பக்கம் எதிராளி துப்பாக்கிக்குக் குண்டு மாத்துற சத்தம் கேட்டுச்சு. மாத்தி முடிக்கிற வரைக்கும் அவனால சுட முடியாதுல்ல. அதுக்குள்ள தாண்டிறலாம்னுதான்.

— சத்தமா?

— ஆமா, லேசா. க்ளிக்குன்னு.

— எனக்குக் கேக்கலையே. அன்னைக்கு ஆட்டத்த நான் திருப்பித் திருப்பி எத்தனையோ தடவ பாத்தேன். கேக்காது பிள்ள. கேமரா எங்க நிக்குதோ அங்க உள்ள சத்தந்தான் எனக்கும், பாக்குற சனத்துக்கும் வரும். கேமரா அப்ப கூரைக்கு மேல நின்னுச்சு. அந்தச் சத்தம் செவுத்துக்குப் பக்கத்துல நிக்கிற ஆளோட காதுல மட்டுந்தான்...

— அண்ணே, நேரமாச்சு.

— கரண்ட் போற அன்னைக்கெல்லாம்...

— ஏண்ணே அப்பிடிப் பாக்குற?

— மாடியில என் பழைய கம்ப்யூட்டர் ஓடுதா?

— ஓடுது. நெட்டுதான் இல்ல.

— செல்லுல ஹாட்ஸ்பாட் போடுறேன். பாஸ்வேர்டு பழசுதான். செல்லு இந்தச் சன்னல விட்டு நகரக் கூடாது. நம்மூரு டவரு லட்சணத்துக்கு, கால் பேசுனா நெட்டு அந்துரும். அதனால மொதல்ல ஒரே ஒரு கால் பேசிக்கிறேன். அப்பறம் யாரு கூப்புட்டாலும் எடுக்க மாட்டேன். நீ மேல போ.

— அண்ணே, வேணாம். நிரந்தர வேலைன்னியே.

— நான்தான இப்ப பாடம் எடுத்தேன், ஒரே கோடு இருந்தா அது யாருக்குன்னு. போ பிள்ள. படியில ஈரமாக் கெடக்கு, ஓடாத. நின்னு ஆடுறதுதான ஒனக்கு வரும்.

— போறேண்ணே.

— அலோ, சேனாதிபதி சார், பிரதீப் பேசுறேன். இன்னைக்கு வேற ஆள வச்சுப் பேசிக்கோங்க. இல்ல சார், லைன் இருக்கு. நீங்க கையெழுத்து வாங்குனீங்களே, அந்த விதிதான். காட்டுமாடு எங்கிருந்தாலும் வரவும்னு இத்தன நாளா மைக்குல கூப்புட்டுக்கிட்டு இருந்தேன்ல... எங்க வீட்டு மாடியிலதான் சார் இருந்திருக்கா, என் தங்கச்சி.