பழைய பெட்டி காணும்

எனக்குப் பாடத்தான் தெரியும். கிற்றார் வாசிக்கத் தெரியாது. வாசித்தவன் மரியரட்ணம். குருநகரில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. கல்யாணம், கோயில் பெருநாள் என்று ஏழு வருடம் ஒன்றாக மேடை ஏறியிருக்கிறோம்.

எங்கள் அம்பிளிபையர் பழசு. நான் மேலே எடுத்துப் பாடினால் அது கரகரக்கும், சனம் சிரிக்கும். புதிது வாங்குவதென்று இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம். எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் கொழும்புக்கு பஸ் ஏறினோம்.

கடையில் அவன் என்னைப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொன்னான். திரும்பி வந்தபோது மேசையில் இருந்தது அம்பிளிபையர் இல்லை. கிற்றாரின் ஒலியைப் பல விதமாக மாற்றுகிற ஒரு கறுத்த பெட்டி. காலால் மிதிக்க நாலு பொத்தான், விரலால் திருக ஆறு குமிழ், ஒரு சிவப்பு லைற். இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் போட்டுச் சொல்லி வைத்திருக்கிறான். அதைக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

“அம்பிளிபையர்?” என்றேன்.

“அடுத்த வரியம் பாப்பம் மச்சான். உன்ரை குரலுக்குப் பழைய பெட்டி காணும்.”

எனக்குப் பழைய அம்பிளிபையரே போதுமாம். நான் சண்டை பிடிக்கவில்லை. பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகம் கசங்கிவிடும் என்று என்னிடம் தந்தான். வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

வவுனியா தாண்டி பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அவன் பையிலிருந்து பெட்டி வெளியே வந்ததும் ஆமிக்காரர் இரண்டடி பின்னால் போனார்கள். மரியரட்ணம் வாயாலேயே கிற்றார் வாசித்துக் காட்டினான். ஒரு ஆமிக்காரன் சிரித்தும் விட்டான். தமிழ் தெரிந்த அதிகாரி என் பக்கம் திரும்பி, இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

“இல்லை ஐயா. ஒரே ஊர், ஆனால் பழக்கமில்லை. உது என்ன சாமான் எண்டும் தெரியாது.”

“செபநாயகம், சொல்லடா,” என்றான் மரியரட்ணம்.

அவனை இறக்கினார்கள். பஸ் வெளிக்கிட்டபோது அவனுடைய இடம் காலியாக இருந்தது. காலை நீட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பதினெட்டாம் நாள் அவனுடைய தாய் லூர்த்தம்மா வந்தார்.

“தம்பி, எங்கடை கோயில் பாதர் முகாமுக்குப் போய்க் கதைச்சவர். அந்தப் பெட்டிக்கு ஏதேன் புத்தகம் கிடந்தால் கொண்டுவரட்டாம். பாட்டுச் சாமான் எண்டு தெரிஞ்சால் விடுவினமாம்.”

“ஒண்டும் இல்லை மாமி. எல்லாம் அவனோடைதான் போட்டுது.”

அவர் போனபிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில் ஒரு பொடியன் கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு, பெட்டியை மிதித்தபடி சிரிக்கிறான். எந்த மொழிக்காரனுக்கும் விளங்கக்கூடிய படம். கிணற்றடியில் வைத்து எரித்தேன். மினுக்கமான தடித்த தாள். எரிந்து முடியக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இரண்டு வருடம் லூர்த்தம்மாவை முகாம் முகாமாகக் கூட்டித் திரிந்தவன் நான்தான். அவருக்கு இன்றும் என்னில் நல்ல பட்சம்.

காணாமற்போனவர்களைப் பதிகிற உங்கள் புத்தகத்தில், அவனைக் காட்டிக்கொடுத்தது யார் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரை எழுதுங்கள். கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவன் எனக்குச் செய்த துரோகத்தை நான் இன்றுவரை ஒருவரிடமும், அவனைப் பெற்ற தாயிடம்கூட, காட்டிக்கொடுத்ததில்லை.