போத்தலுக்குள் பவளம்

அந்தப் பெண் கிருமிக்குண்டு கொண்டுபோகிறாள் என்றே முதலில் நம்பினேன். யுத்தகாலம். திருகோணமலைத் துறைமுகத்தடிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவளும் அவளுடைய மாமாவும்.

“போத்தலுக்குள்ள என்ன பிள்ளை?”

“பவளத்துண்டு மாமா. அதுக்குள்ள கிருமி இருக்கு.”

கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன். குண்டுக்கு அது போதுமென்று நினைத்த வீரன் நான்.

“கிருமியோ?”

“நல்ல கிருமி. பவளத்துக்கு நோய் வருத்தம் வராமல் பாக்குது. கம்பஸில ஆராயக் கொண்டுபோறன். இந்தக் கடல்தண்ணி இல்லாட்டில் எல்லாம் செத்துப்போகும்.”

“தண்ணிதான் எண்டு காட்டக் குடிக்கச் சொல்லுவாங்கள், தெரியும்தானே?”

“ஓம். குடிப்பன். கீழ ஊத்தச் சொல்லாட்டில் காணும்.”

ஆமிக்காரன் குடிக்கத்தான் சொன்னான். அந்தக் கடல்தண்ணீரில் இரண்டு மிடறு குடித்தாள். மிச்சத்தோடு பஸ் ஏறினாள்.