வண்டிக்குப் பின்னால் ஒரு ஆமென்

– பொய் சொல்லுங்கன்னா சொன்னேன்? ஸ்டேஷன்ல ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க, போதும். அது ஒரு பொய்யாங்க?

– ஞாபகம் இருக்கே.

– நான் ஒண்ணு கேக்கறேன். ஸ்கூல் வேனை ஓட்டறவரு நீங்க. ஆயான்னு ஒரு ஆளை கூடவே அனுப்பறது எதுக்கு? பின்னாடி பிள்ளைங்க நிக்குதான்னு பாக்கத்தானே? அவங்க பாக்கல. பிள்ளை உசுரு போயிடுச்சு. இதுல நீங்க என்ன பண்ணுவீங்க?

– இந்தா பாரு. யாரும் இல்லைன்னு பாத்துட்டு ஆயா வண்டியை ரெண்டு தட்டு தட்டணும். தட்டினாத்தான் நான் பின்னாடி எடுக்கணும். அன்னைக்கு அவங்க தட்டல. நான் எடுத்துட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

– ஓனர் என்ன சொல்லி அனுப்பியிருக்காரு?

– தட்டினாங்கன்னே சொல்லிடுன்னாரு. இத்தனை வருஷத்துல உன் மேல ஒரு கேஸ் உண்டா, கிழவி பேச்சை எவன் நம்பப் போறான்னாரு.

– சரியாத்தானே சொல்றாரு.

– அடிப்பாவி.

– ஆமா, பாவிதான். ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்களே ரெண்டு, அதுங்களைப் பெத்த பாவி. நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா அதுங்களுக்கு யாரு? ஆயாவுக்கு என்ன, பிள்ளையா குட்டியா? எங்க இருந்தாலும் ஒரு வாய் சோறு, ஒரு பாய்...

– இஸ்திரிப் பெட்டியை எடு. சட்டை தீயுது.

– தீயட்டும். எல்லாம் தீஞ்சு போகட்டும். தட்டறதுக்கு முன்னாடி ஏங்க எடுத்தீங்க? அதை மட்டும் இன்னும் எங்கிட்ட சொல்லல நீங்க.

– எப்படிச் சொல்லுவேன்? எல்லாரும் ஏறினதும் எப்பவும் போலக் கண்ணை மூடி ஜெபம் பண்ணேன். ஒவ்வொரு பிள்ளை பேரா சொல்லி. முடிஞ்சதும் பிள்ளைங்க ஆமென் சொல்லும். அந்தப் பொடியன் குரல் மட்டும் தனியாக் கேக்கும், தொண்டை கிழிஞ்சுடும் போல.

– ஆமென் குட்டின்னு நீங்கதானே பேரு வெச்சீங்க அவனுக்கு.

– அன்னைக்கும் கேட்டுச்சு. சரி, உள்ள இருக்கான்னு நினைச்சுட்டேன். அவனோட தண்ணி பாட்டில் மூடி உருண்டு வெளிய விழுந்திருக்கு. எடுக்க இறங்கியிருக்கான். ஆயா முன்பக்கம் வேற ஒரு பிள்ளைக்கு ஷூ மாட்டிட்டு இருந்தாங்க, கவனிக்கல. ஜெபம் முடியவும், பின்னாடி குனிஞ்சிருந்தவன் அங்கேர்ந்தே ஆமென் சொல்லியிருக்கான்.

– ஐயோ.

– தட்டறதுக்கு நான் காத்திருக்கல. கண்ணாடியும் பாக்கல. ஜெபம்தான் பண்ணியாச்சே, இனிமே என்ன ஆயிடும்னு ஒரு திமிர். ஆண்டவர் பாத்துக்குவாருன்னு நான் பாக்கறதை விட்டுட்டேன். அதுக்குப் பக்தின்னு வேற பேரு வெச்சிருந்தேன்.

– இதையா போய் ஸ்டேஷன்ல சொல்லப் போறீங்க? ஜெபம் பண்ணி பிள்ளையைக் கொன்னான்னு ஊரே சிரிக்கும்ங்க.

– சிரிக்கட்டும். ஞாயித்துக்கிழமையானா சர்ச்ல பிள்ளைங்களை உக்கார வெச்சு உண்மை பேசணும்னு சொல்லிக் குடுக்கறேன். அந்த வரிசையில அவனும் உக்காந்திருந்தான். நான் பொய் சொல்லித் தப்பிச்சா, அவன்கிட்ட சொன்னது அத்தனையும் பொய்தானே?

– நம்ம பிள்ளைங்க கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?

– உங்கப்பா தப்பு பண்ணாரு, போய் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லு. ஒரு ஏழைப் பொம்பளையை மாட்டிவிட்டுட்டு வீட்டுல சாப்பிட்டுத் தூங்கினாருன்னு சொல்ற மாதிரி என்னை வெச்சுடாதம்மா.

– ...வேற சட்டை எடுத்துத் தரேன். இது வீணாப் போச்சு.

– அழாத.

– அழுதா அழுதுட்டுப் போறேன். நீங்க கையைத் தூக்குங்க, பட்டன் போடறேன். வாசல்ல யாரு?

– நான்தான் மகளே. வேன் ஆயா.

– உள்ள வாங்க ஆயா, உக்காருங்க. நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன். நீங்க தட்டலைன்னு சொல்லிடறேன். இனிமே நீங்க பயப்படவே வேணாம்.

– உக்கார நேரமில்ல தம்பி. தெருமுனையில போலீஸ்காரப் பிள்ளை நிக்குது. துணி எடுத்துட்டு வரேன்னு கெஞ்சிக் கேட்டு வந்தேன். இந்தா மகளே, என் வீட்டுச் சாவி. செடிக்குத் தண்ணி ஊத்து.

– போலீஸா? எதுக்கு ஆயா?

– காலையிலேயே போயிட்டேன். நான்தான் பாக்காம தட்டிட்டேன்னு சொல்லிட்டேன்.

– ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க! நீங்க தட்டவே இல்லையே!

– கேளு தம்பி. அவன் இறங்கினதைப் பாக்க வேண்டியவ நானு, பாக்கல. உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எனக்கு அந்த வேன்ல வர்ற பிள்ளைங்கதான் பிள்ளைங்க. அதுல ஒண்ணு போனப்புறம் எனக்கு வெளிய என்ன வேலை?

– என்னங்க, அவங்கதான் சொல்லிட்டாங்களே...

– நீ சும்மா இரு! ஆயா, வாங்க, இப்பவே போவோம். நான் மாத்திச் சொல்லிடறேன். உங்களை உள்ள வெச்சுட்டு நான் எந்த வாயால ஜெபம் பண்ணுவேன்?

– அவசரப்படாத. அந்தப் பிள்ளையோட அம்மா அங்க உக்காந்திருந்தா. நான் சொன்னதைக் கேட்டதும் எந்திரிச்சு வந்தா. அடிக்கத்தான் வர்றாள்னு நினைச்சேன். வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

– என்ன சொன்னாங்க?

– வாயைத் திறக்கறா, சத்தமே வரல. மறுபடி திறக்கறா, அழுகைதான் வருது. பாக்கவே முடியல தம்பி. கடைசியில எப்படியோ சொல்லிட்டா. "மன்னிச்சுட்டேன் ஆயா. இயேசு சொன்னாருங்கறதுக்காக மன்னிச்சுட்டேன். இந்த ஒரு மன்னிப்புதான் எங்கிட்ட இருந்துச்சு. இன்னொருத்தர் வந்து கேட்டா, குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னா.