சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெய் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஏமானே. தலைக்கும் நல்லது, மீன்குழம்புக்கும் நல்லது. ஆனால் எதில் ஊற்றலாம், எதில் ஊற்றக்கூடாது என்று நம் ஆட்கள் யோசிப்பதே கிடையாது. கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான், பிள்ளையின் காதுவலிக்கும் அதுதான். ஆகவே என் சிநேகிதன் செல்லையன் தன் காரின் சாவித் துவாரத்தில் அதை ஊற்றினான் என்றால் அதில் சதி ஒன்றும் இல்லை.

விஜயதாஸை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பது தப்பு. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே நடந்து வந்தேன். மலையாளச் சர்க்காரின் கீழ் இருக்கிற தெற்குத் தாலூக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அவன் பாறசாலைச் சந்தையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பேசுகிறவன்தான். செல்லையன் அந்தக் கூட்டத்தை ஏறெடுத்தும் பார்க்காதவன், அதுவும் சரி. அதற்காக, விஜயதாஸ் காரின் பூட்டைக் கெடுத்தான், அதனால்தான் செல்லையன் மனைவி ரத்னபாய் செத்தாள் என்று நீங்கள் கேஸ் எழுதினால், மோட்டார் தெரிந்தவன் எவனும் சிரிப்பான். விஜயதாஸுக்கு சைக்கிள் செயின் கழன்றாலே மாட்டத் தெரியாது. குன்னத்துகால் முக்கில் இருக்கிற என் ஒர்க்ஷாப்புக்குத்தான் உருட்டிக்கொண்டு வருவான். அவனுக்கு இவ்வளவு மூளை உண்டு என்று சர்க்காரே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு எலெக்‌ஷனுக்கு நின்றுவிடுவான்.

நீங்கள் மலையாளத்தில் கேளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சந்தையில் மீன்கூட அப்படித்தான் விற்கிறது.

அந்தக் கார் அம்பூரியில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரையுடையது. துரை சீமைக்குத் திரும்பியபோது, கணக்கப்பிள்ளையாக இருந்த செல்லையனுக்கு விட்டுப்போனார். கறுப்பு வண்டி, உருண்டை விளக்கு. சாவியைத் திருப்பிவிட்டு, முன்னால் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். எங்கள் ஊரில் வேறு கார் கிடையாது. செல்லையன் அதைத் துரையைவிட மரியாதையாக நடத்தினான்.

போன வருஷம் டிசம்பரில் ஒரு காலை சாவி திரும்பவில்லை. இறுக்கமாக இருக்கிறதே என்று முந்தின நாள் எண்ணெய் விட்டிருக்கிறான். குளிரில் எண்ணெய் உறைந்து, உள்ளே கிடந்த தூசியையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நான் கோழியிறகை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பூட்டைக் கழுவி, பென்சில் கரியைப் பொடித்து ஊதினேன். அந்த மாதிரிப் பூட்டுக்கு வேண்டியது கரிப்பொடி மட்டும்தான். எண்ணெய் அதற்கு எமன்.

வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனால் செல்லையன் போகவில்லை. துரை எப்படித் தமிழ் பேசுவார், துரைசானி எப்படி அட்டைப்பூச்சியைக் கண்டு மேஜைமேல் ஏறினாள் என்று நடித்துக் காட்டிக்கொண்டே சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி செத்துப்போன பிறகு என் வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது, ஏமானே. அன்றைக்குத்தான் நான் வயிறு நோகச் சிரித்தேன்.

கிளம்பும்போது அவன் கேட்டான். "இனி கேடு வராம இருக்க என்ன செய்யணும் மக்கா?"

"வாரம் ஒருக்க தேங்காய் எண்ணெய் விடு. செக்குல ஆட்டினதாக்கும் நல்லது" என்றேன்.

அவன் மறுபடி வர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

செல்லையனைப் போல் சொன்ன சொல் கேட்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அதே கையோடு போய்ப் பூட்டுக்கும் விடுவான். "ரெண்டு பேரும் குளிச்சாச்சு" என்பான். பூட்டும் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நான் டாஷ்போர்டு திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காகிதத்தில் வரிசையாக வைத்து, "சீமைப் பூட்டு, சீமைக் குணம்" என்று பெருமூச்சு விடுவேன். இறகு வேலையை மத்தியானத்துக்கு மேலும் இழுப்பேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து துரையாகிவிடுவான்.

ரத்னபாயைத்தான் ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, நீங்க நன்னாக்க நன்னாக்கத்தான் இதுக்குக் கேடு கூடுது. வண்டிக்குப் பண்டுவம் பாக்குறீங்களா, இல்ல எங்க வீட்டு ஆளைக் கெட்டிப் போடுறீங்களா?"

நானும் சிரித்தேன். நல்ல பெண்பிள்ளை. அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. மார்த்தாண்டத்தில் இருக்கும் மகள் சுகுமாரி வீட்டோடு போய்விட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்ததுதான் எனக்குச் சங்கடம். "எல்லை எங்க விழுந்தாலும் விழட்டு. நாங்க மக பக்கமாக்கும்" என்பாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கிளம்புவது என்று முடிவாகியிருந்தது. அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அன்று விஜயதாஸ் கூட்டம் அழைத்த கடையடைப்பு நாள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. காலையில் செல்லையன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். "மக்கா, ரத்னத்துக்கு இழுப்பு கூடிப்போச்சு. மூச்சு கிட்டல்ல டே. சாவி திரும்பமாட்டேங்கு. ஓடி வா!"

ஓடினேன். ரத்னபாயைப் பின் சீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு விலாசினி அவள் தலையை மடியில் தாங்கியிருந்தாள். மூச்சு விசில் போல வந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டால் சரியாகிவிடும், முன்பும் அப்படித்தான் சரியாகியிருக்கிறது.

உங்களுக்கு மோட்டார் தெரியாது என்பதால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். பூட்டு செய்வது இரண்டு வயரைச் சேர்க்கிற வேலை, வேறொன்றும் இல்லை. அது மக்கர் பண்ணினால், டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த இரண்டையும் நாமே முறுக்கிவிடலாம். பிறகு கைப்பிடியைச் சுற்றினால் வண்டி கிளம்பிவிடும். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. எனக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

செல்லையனுக்குத் தெரியாது. அவன் கண்முன்னால் நான் அதைச் செய்தால் என்ன நினைப்பான்? அவள் பிழைத்த பிறகு உட்கார்ந்து யோசிப்பான். இத்தனை நாள் சாயங்காலம் வரை இழுத்த வேலை இவ்வளவுதானா என்று கேட்பான். அப்புறம் என் பெஞ்சில் வந்து உட்காருவானா?

ஆகவே வழக்கம்போல் திருகுகளைக் கழற்றினேன். காகிதத்தில் வைத்தேன். இறகைத் தோய்த்தேன். என்னால் முடிந்த அளவு அவசரம் காட்டினேன், ஏமானே. அன்று பெருமூச்சுகூட விடவில்லை. ரத்னபாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்வதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

சாவி திரும்பியது. கைப்பிடியை ஒரே சுற்றுதான், வண்டி கிளம்பிவிட்டது. அமரவிளைப் பாலத்துக்கு முன்பே விலாசினி அழ ஆரம்பித்தாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். பூட்டிலிருந்து நான் கழுவி எடுத்த அழுக்கைப் பார்த்திருந்த யாரோ, "இது விஜயதாஸ் கூட்டத்துக்க வேலையாக்கும்" என்றார்கள். செல்லையன் என் முகத்தைப் பார்த்தான். அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை. அது என் பிசகு.

இப்போது செல்லையன் அரிவாள் தீட்டி வைத்திருக்கிறான். விஜயதாஸ் ஜாமீனில் வந்தால் வெட்டுவேன் என்கிறான். வெட்டினால் நீங்கள் அவனைப் பூஜப்புரை ஜெயிலில் போடுவீர்கள். அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்றுதான் வந்தேன். எண்ணெய் ஊற்றச் சொன்னது நான். வயரை முறுக்காமல் விட்டதும் நான். ரத்னபாய் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செல்லையனிடம் மட்டும், பழைய பூட்டு, தானாகக் கெட்டது என்று சொல்லிவிடுங்கள். அவன் கையால் ஊற்றின எண்ணெய்தான் பூட்டைக் கெடுத்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டான்.

மகள் வந்து கூப்பிட்டும் அவன் மார்த்தாண்டம் போகவில்லை. தினமும் மத்தியானம் என் பெஞ்சில் வந்து உட்காருகிறான். துரையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் வருகிறான். வண்டியை எடுப்பதே இல்லை, இருந்தும் சனிக்கிழமை தவறாமல் பூட்டுக்கு எண்ணெய் விடுகிறான். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவன் மனசு நோகும்.