விரல் தெரியும் இடம்

ஐயா, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கீறல் விழும். இந்தத் துணியை வைத்துக்கொள்ளுங்கள். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்த ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்ததிலிருந்து என்னுடையதை ஏழு முறை துடைத்துவிட்டேன்.

கண் பரிசோதகராக எனக்கிருந்த உரிமம் காலாவதியாகி நான்கு வருடம் ஆகிறது. புதுப்பிக்க இருபது மணி நேர வகுப்புக்குப் போகவேண்டும். கடையை யார் பார்ப்பது என்று தள்ளிப்போட்டேன். வருகிறவர்கள் யாரும் கேட்கவில்லை.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை கண் சான்றிதழ் கொடுக்கவேண்டும். மூன்று வருடம் முன்பு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடா, வண்டிய ரெண்டு தடவ செவுத்துல தேச்சிட்டேன். கண்ணு போச்சா, இல்ல எனக்குக் கொழுப்பா?"

"கொழுப்புதான்க்கா."

சிரித்தாள். கைகளை அவளுக்குப் பக்கவாட்டில் நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன்.

"மொதல்ல காட்டு, அப்புறம் கேளு."

காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் அளந்தேன். மிக அதிகம்; கவனிக்காமல் விட்டால் பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அன்றே கண் டாக்டருக்குக் கடிதம் எழுதியிருக்கவேண்டும். கடிதத்தில் உரிம எண் வேண்டும். ஆஸ்பத்திரியில் எண்ணைச் சரிபார்ப்பார்கள்; பள்ளிக்கூடத்தில் சீல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். யார் பார்த்தது என்று கேட்டால், என் தம்பி என்று பெருமையாகச் சொல்லிவிடுவாள்.

அதனால் விரல்களை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேரே வந்ததும், "ரெண்டு" என்றாள். சரியான விடை. பக்கப் பார்வை இயல்பு என்று எழுதி, சீல் வைத்தேன்.

அடுத்த இரண்டு வருடங்களும் அப்படித்தான். வகுப்பு முடிந்து எண் வந்தால் முதல் கடிதம் அவளுக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். விண்ணப்பப் படிவம்கூட மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, வேனிலிருந்து இறங்கிய சிறுமி இடது பக்கமிருந்து குறுக்கே வந்தாள். பிழைக்கவில்லை. யாருமே தெரியவில்லை என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். போனில் பேசிக்கொண்டு ஓட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்களாம். அதை அடித்துவிடுங்கள். சிறுமி அவள் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. அது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்.

அவள் பார்வையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அடுத்த வகுப்பு ஒன்றாம் தேதி தொடங்குகிறது. எண் வந்ததும் கடிதத்தை எழுதிவிடுவேன்.